மேலே ரெண்டு மைக், கீழே நான்

ஜனவரி 6, திங்கள்

கொப்பரை மண்டிக்காரர் கொடுத்த டைரி. முதல் ஐந்து பக்கத்தில் மகள் ஆர்த்தி ஏதோ தாளம் எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டாள். அதனால் எனக்குப் புத்தாண்டு இன்றைக்குத்தான்.

காலையில் மகள் கேட்டாள்: "அப்பா, நம்மகிட்ட ஓவர்ஹெட் மைக் இருக்குதுங்களா?"

"இருக்குது. எத்தன வேணும்?" என்றேன்.

இல்லை என்று சொல்லும் பழக்கம் எங்கள் தொழிலில் கிடையாது. இருபத்துநாலு வருஷமாக மைக் செட் வைத்திருப்பவன் நான். பாலக்காட்டு எல்லையில் எருத்தேன்பதி, வடகரப்பதி, வேலந்தாவளம் பக்கம் காதுகுத்திலிருந்து கருமாதி வரை என் குழாய் கத்தாத வாசல் இல்லை. உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு, அந்த ஓவர்ஹெட் என்பது என்ன கருமம் என்று போனில் தேடினேன். ட்ரம் செட்டுக்கு மேலே இரண்டு மைக்கைத் தொங்கவிடுவார்களாம். மேலிருந்து மொத்தச் செட்டையும் அவை கேட்குமாம். வாய்க்குப் பக்கத்தில் வைத்தால்தான் மைக். மொட்டை மாடியில் வைத்தால் அது காக்கா.

விஷயம் இதுதான். கொச்சியில் ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு பேண்ட் நடத்துகிறார்கள். ட்ரம் வாசித்த பெண் நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போய்விட்டாள். அந்த இடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். ஒரே மூச்சில் நாலு நிமிஷம் வாசித்து, வெட்டாமல் ஒட்டாமல், வீட்டில் பதிவு செய்து அனுப்ப வேண்டும். கடைசி நாள் முப்பத்தொன்று.

அதற்குள் ஆகவில்லையென்றால் பிப்ரவரி மூன்றாம் தேதி கொழிஞ்சாம்பாறை ஆடிட்டர் ஆபீசில் ஆர்த்தி வேலைக்குச் சேர வேண்டும். என் மனைவி கற்பகம் பேசி முடித்துவிட்டாள். என் பெண்ணும் அம்மாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள். அவள் என்னைப் போல இல்லை, வாக்குக் கொடுத்தால் நிறைவேற்றுகிற ஜாதி.

ஜனவரி 8, புதன்

இரண்டு நாளாக வீடியோ பார்க்கிறேன். உலகத்தில் இத்தனை பேர் வேலை வெட்டி இல்லாமல் மைக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டதே. ஒருவன் 'காற்றோட்டமான சத்தம்' என்கிறான். இன்னொருவன் 'மேல் சத்தம் இனிப்பாக இருக்கிறது' என்கிறான். மைக் விற்கிறார்களா மைசூர்பாகு விற்கிறார்களா? எல்லாருக்கும் பின்னால் ஊதா விளக்கு எரிகிறது. எல்லாரும் தாடி வைத்திருக்கிறார்கள். கடைசியில் எல்லாரும், "அவரவர் தேவையைப் பொறுத்தது" என்று முடிக்கிறார்கள். இதைச் சொல்லத்தான் முப்பது நிமிஷமா?

ஆர்த்தியிடம் என் யோசனையைச் சொன்னேன். நம்மிடம் பாட்டு மைக் பதினாலு இருக்கிறது. ஒவ்வொரு ட்ரம்முக்கும் ஒன்று, ஒவ்வொரு பித்தளைத் தட்டுக்கும் ஒன்று, மீதி இருந்தால் அவளுக்கே ஒன்று.

"அது கட்சிக் கூட்டத்துக்கு ஆகுங்ப்பா" என்றாள்.

பெட்டியில் மொத்தமே நாலு மைக்தான் செருக முடியுமாம். பெட்டி என்பது அவள் டியூஷன் எடுத்த காசில் வாங்கிய ரெக்கார்டிங் பெட்டி. பார்க்க என் பழைய ட்ரான்சிஸ்டர் ரேடியோ அளவு. அந்த மைக்குகளுக்கு அதுதான் கரண்ட் கொடுக்க வேண்டுமாம். கரண்ட் கொடுத்தால்தான் கேட்குமாம். நான் காபி கொடுத்தால்தான் கேட்பேன், அது மாதிரி.

ஜனவரி 11, சனி

கோயமுத்தூர் போனோம். கடை முழுக்க ஏசி, பேசுகிறவன் தலையில் குடுமி. நான் உள்ளே நுழைந்ததும் முதலில் என் செருப்பைப் பார்த்தான். பிறகு, "பட்ஜெட் எவ்ளோ சார்?" என்றான். செருப்பிலிருந்தே தெரிந்துகொள்ளத் தெரியாதவன் என்ன வியாபாரி!

என் மச்சினன் தெய்வசிகாமணியும் வந்து சேர்ந்தான். செல்போன் கவர் விற்கிறவன். ஆனால் விண்வெளி வரை கருத்து இருக்கிறது. "மாமா, ஜெர்மன் வாங்குங்க" என்றான். ஜெர்மன் விலையைக் கேட்டதும், "ஜெர்மன் பேரு வெச்ச சீனா வாங்குங்க" என்றான்.

எனக்குப் பிடித்தது ஒரு சூட்கேஸ். உள்ளே எட்டு மைக். ஸ்பாஞ்சில் பள்ளம் வெட்டி, முட்டை அடுக்கின மாதிரி. ஒரு ஜோடி விலைக்கு எட்டு! என்னைப் போன்றவர்களுக்காகவே அதைச் செய்து வைத்திருக்கிறான் சண்டாளன்.

ஆர்த்தி என் இடுப்பிலிருந்து குடோன் சாவிக்கொத்தை உருவினாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு மைக்குக்கு முன்னாலும் ஓர் அடி தூரத்தில் கொத்தைக் குலுக்கினாள். குடுமிக்காரன் முகம் கொஞ்சம் மாறியது. பிறகு ஹெட்போனை எனக்கு மாட்டிவிட்டாள்.

சூட்கேஸ் மைக்கில் என் சாவிக்கொத்து, வாணலியில் அப்பளம் போட்ட மாதிரி கேட்டது. தங்க முலாம் பூசின பெரிய மைக்கில் கண்ணாடித் துண்டை அள்ளிக் கொட்டின மாதிரி. கடைசியாக, பென்சில் கனத்தில் ஒரு ஜோடி. விலையும் நடுவாந்திரம், அழகும் கிடையாது. மருத்துவர் நம் வாய்க்குள் அடித்துப் பார்க்கிற டார்ச் மாதிரி இருந்தது.

"இதுல சாவி சாவியாட்டக் கேக்குது. போதுங்" என்றாள்.

"இத வெச்சுத் தவிலு, பம்பை, பஜனைக் கோஷ்டி எல்லாம் எடுக்கலாமா?" என்று குடுமிக்காரனைக் கேட்டேன். அது மட்டுமே நான் கேட்ட உருப்படியான கேள்வி.

"எல்லாத்துக்கும் ஆகும் சார். ஆனா பக்கத்துல கொண்டு போகாதீங்க. தள்ளி நின்னு கேக்கற மைக் இது."

தள்ளி நின்று கேட்கிற மைக்குக்குக் காசு கொடுத்த முதல் மைக் செட்காரன் நான்தான். பஸ்ஸில் வரும்போது சூட்கேஸை நினைத்துக்கொண்டேன். எட்டு!

ஜனவரி 12, ஞாயிறு

குடோனில்தான் ட்ரம் செட் இருக்கிறது. சித்தூர்ப் பக்கம் கானமேளா என்று பாட்டுக் கச்சேரி நடத்திய ஒரு கூட்டம் நாலு வருஷத்துக்கு முன் சண்டை போட்டுக் கலைந்தபோது என் குடோனில் இறக்கிவிட்டுப் போனது. அவர்கள் திரும்பி வரவே இல்லை. ஆர்த்தி ஒரு நாள் அதன் முன்னால் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவும் இல்லை.

தகரக் கூரை. இந்த மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் வரை கூரை கடகடவென்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. புது மைக் அதை அப்படியே எடுத்துக் கொடுத்தது. தட்டின் சத்தமும் தகரத்தில் மோதித் திரும்பி வந்து காதைக் குத்தியது.

இதற்கு மட்டும் நான் வழி சொன்னேன். வாடகைக்கு விடும் ஜமக்காளம் பன்னிரண்டையும் கொண்டுவந்து சுற்றுச்சுவரிலும், பந்தல் மூங்கில் கட்டி மேலேயும் தொங்கவிட்டேன். குடோன் கல்யாண மண்டபத்தைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி ஆனது. குத்தல் போய்விட்டது. ஆர்த்தி என்னை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தாள். இரண்டு நிமிஷம் இருக்கும்.

பிறகு பெரிய ட்ரம்முக்கு முன்னால் என் பாட்டு மைக் ஒன்றை வைத்துவிட்டு, புது ஜோடியை மேலே தொங்கவிட்டோம். நான் கண்ணளவில் வைத்தேன். அவள் பூக்கட்டும் நூலை எடுத்து, நடுவில் இருக்கும் சின்ன ட்ரம்மிலிருந்து இரண்டு மைக்குக்கும் பிடித்துப் பார்த்தாள். ஒன்று நாலு விரல் கிட்டே இருந்தது.

"நாலு விரக்கடையில என்ன அம்மிணி குடி முழுகிப்போகுது?"

அப்படியே வைத்துப் பதிவு செய்து போட்டுக் காட்டினாள். தகர டப்பாவைத் தட்டின மாதிரி மெலிந்து கேட்டது. அடி ஒரு மைக்குக்கு முந்தியும் மற்றதற்குப் பிந்தியும் போய்ச் சேருவதால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுமாம். நூலளவுக்கு நகர்த்தினாள். ட்ரம் ட்ரம்மாகக் கேட்டது.

இருபத்துநாலு வருஷமாகக் கண்ணளவு.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மூன்று தரம் சாப்பிட்டேன். வேறு சாதனை இல்லை.

ஜனவரி 17, வெள்ளி

அம்மன் கோயில் உற்சவம். கமிட்டித் தலைவர் நாச்சிமுத்து ராத்திரி எட்டு மணிக்குள் ஆறு தடவை வந்தார். "குப்பண்ணா, சத்தம் பத்தல! இன்னும் துளியூண்டு ஏத்து!"

என் ஆம்ப்ளிஃபயரில் வலது ஓரத்தில் ஒரு திருகு இருக்கிறது. எதனோடும் சேராதது. உள்ளே ஒயரே கிடையாது. கமிட்டிக்காரர்களுக்காகவே வைத்திருக்கிறேன். பல்லைக் கடித்து, கண்ணைச் சுருக்கி, அதை மெதுவாகத் திருகினேன். "இப்ப எப்புடிங்க?"

நாச்சிமுத்து காதைச் சாய்த்தார். "ஆங்! இப்ப ஜம்முனு இருக்குது பாரு!"

ஒவ்வொரு கோயிலிலும் ஒரு நாச்சிமுத்து. ஒவ்வொருவருக்கும் அந்தத் திருகு போதும். வீட்டுக்கு வந்து ஆர்த்தியிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பாவங்ப்பா அவரு."

பாவமென்ன பாவம். காது இல்லாதவனுக்கு அதுதான் மருந்து.

ஜனவரி 19, ஞாயிறு

இந்த மைக்குகளுக்கு வெட்கமே இல்லை. எல்லாவற்றையும் கேட்கின்றன. பக்கத்து வீட்டுப் பூவாத்தாள் அக்காவின் ஆடு தும்மினதும் பதிவாகியிருக்கிறது. கற்பகம் சமையற்கட்டில் என்னைப் பற்றிச் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. அதை இங்கே எழுத மாட்டேன்.

மைக் என்றால் அதன் வாயில் சொன்னதைத்தான் கேட்க வேண்டும். ஊர்க் கதையெல்லாம் கேட்பதற்கு மைக் எதற்கு, பூவாத்தாள் அக்காவே இருக்கிறாளே.

ஆர்த்தி ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் பழகுகிறாள். விரல் இடுக்கில் ப்ளாஸ்திரி. முதல் பாதி முரட்டு அடி, பிறகு திடீரென்று தணிந்து, தட்டின் விளிம்பை மட்டும் தடவுகிற மாதிரி ஓர் இடம் வருகிறது. அங்கேதான் இடறுகிறாள். இடறினால் முதலிலிருந்து.

ஜனவரி 23, வியாழன்

இன்று வாசித்தாள்.

எப்படி எழுதுவது? காலையிலிருந்து காற்று இல்லை. ஆறாவது தடவை. அந்தத் தணிந்த இடத்துக்கு வந்தாள், நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன், அவள் தாண்டினாள். தாண்டினாள் என்று சொல்வது தப்பு. அங்கேயே கொஞ்ச நேரம் நின்று, சுற்றிப் பார்த்துவிட்டு, பிறகு போனாள். முடித்துவிட்டுக் குச்சியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டோம்.

பாழ். முரட்டு அடி விழும் இடமெல்லாம் கரகரவென்று, காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி. கிழிந்த சத்தத்தைத் தைக்க முடியாதாம்.

ஜனவரி 24, வெள்ளி

மைக்தான். வேறென்ன? நடுவாந்திர விலைக்கு நடுவாந்திரப் புத்திதான் இருக்கும். நாலு நாள் நன்றாகப் பாடிவிட்டு, முக்கியமான நேரத்தில் காலை வாரிவிட்டது. அப்போதே சொன்னேன், சூட்கேஸ் வாங்கலாம் என்று. எட்டில் இரண்டாவது உருப்பட்டிருக்கும்.

குடுமிக்காரனைப் போனில் கூப்பிட்டு, நாலு பேர் கேட்கத் திட்டினேன். அவன் பொறுமையாக, "சார், பெட்டியில சிவப்பு லைட் எரிஞ்சுதா?" என்று கேட்டான்.

எரியாமல்? இருபத்துநாலு வருஷமாக என் ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு மினுக்கினால்தான் கூட்டத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கிறது என்று அர்த்தம்.

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

கற்பகம் என்னைப் பார்த்துக்கொண்டே வெங்காயம் உரித்தாள்.

ஜனவரி 25, சனி

மத்தியானம் ஆர்த்தி கூப்பிட்டாள். "அப்பா, ஒண்ணு கேளுங்க." ஹெட்போனை என் காதில் மாட்டினாள். அவள் வாசிக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் இருந்த அரை நிமிஷம்.

செருப்புச் சத்தம். ஒரு இருமல், புகையிலை விட்டும் போகாத என் இருமல். பெட்டி இருந்த மேஜை கிரீச்சென்றது. பிறகு என் குரல், எனக்கு நானே பேசிக்கொண்டது:

"இது பத்தாது."

அதற்கப்புறம் ஆட்டின் சத்தம்கூட இரண்டு பங்கு பெரிதாகக் கேட்டது.

என்னத்தச் சொல்றது. நாந்தான். நாந்தான் ஏத்துனேன். அவ நீல டேப் ஒட்டி, இந்தக் கோட்டத் தாண்டக் கூடாதுன்னு வெச்சிருந்தா. நாந்தான், அவ பாக்காத நேரத்துல, மூணு திருகையும். கை தானாப் போச்சு. பத்தாதுன்னு தோணுச்சு. எனக்கு எப்பத்தான் பத்தியிருக்குது? அது மட்டுமா, நேத்து முழுக்க மைக்கைத் திட்டுனேன். ஒரு பொய்யும் சொல்லாத ரெண்டு பென்சிலத் திட்டுனேன். தெரியாமயா திட்டுனேன்? பாதி தெரிஞ்சுதான்.

அவள் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. ஹெட்போன் ஒயரைச் சுருட்டி வைத்தாள். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே எட்டுப் போட்டுச் சுருட்டினாள்.

கற்பகம்தான் சொன்னாள்: "ஊர்க்காரன் காதெல்லாம் கெடுத்தது போதாதுன்னு, பெத்த புள்ள பொழப்பையும் கெடுத்துப்போட்டீங்களாக்கும்?"

சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் சாப்பிட்டேன்.

ஜனவரி 27, திங்கள்

காற்று. கூரை பறந்துபோகும்போல. ஒன்றும் எடுக்க முடியவில்லை.

ஆர்த்தி குடோன் பக்கமே வரவில்லை. ஆடிட்டர் ஆபீசுக்கு என்று இரண்டு சுடிதார் தைக்கக் கொடுத்திருக்கிறாளாம். நான் கேட்கவில்லை, கற்பகம் சொன்னாள். அவள் குரலில் சந்தோஷம் இருக்கும் என்று பார்த்தேன். இல்லை.

ஜனவரி 28, செவ்வாய்

நான் போய் அவள் முன்னால் நின்றேன். "அம்மிணி, எனக்குச் சாவி வேண்டாம். குடோனப் பூட்டி நீயே வெச்சுக்கோ. நான் வேலந்தாவளம் போயி உக்காந்துக்கறேன். நீ ஒருக்கா வாசி."

"நீங்க இல்லாம ஆகாதுங்ப்பா. நான் வாசிக்கறப்போ பெட்டியப் பாக்க ஆள் வேணும்" என்றாள்.

இருமினேன்.

ஜனவரி 29, புதன்

என்னை உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள். பெட்டியில் நாலு திருகு. முதல் இரண்டும் மேலே தொங்கும் மைக்குகள், மூன்றாவது பெரிய ட்ரம்முக்கு முன்னால் இருக்கும் மைக். மூன்றின் மேலும் நீல டேப்பை விரல் நுழையாதபடி சுற்றிவிட்டாள்.

"இந்த மூணும் தொடக் கூடாதுங். நாலாவது உங்களுது. மொத்தச் சத்தத்தோட கனம் இதுலதான் இருக்குது, கம்ப்யூட்டர்ல அப்படி மாத்தி வெச்சிருக்கறேன். நான் மெதுவா வாசிக்கற எடத்துல துளியூண்டு ஏத்துங்க. முரட்டடி வர்றப்போ எறக்கீருங்க. மெதுவாங். உங்க கைதான் அதுக்குச் சரி."

நாலாவதிலிருந்தும் ஒரு கேபிள் போகிறது, சுவரோரமாக ஜமக்காளத்துக்குப் பின்னால். எதற்கு என்று கேட்டேன். எர்த் மாதிரி என்றாள். கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் வாயைத் திறப்பதில்லை.

சாயங்காலம் வரை வெறுங்கையில் திருகிப் பழகினேன். ஏத்த, எறக்க. ஏத்த, எறக்க. பூவாத்தாள் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "கையில என்ன சுளுக்கா?" என்று கேட்டாள்.

ஜனவரி 30, வியாழன்

விடியற்காலையில் காற்று விழுந்துவிட்டது. ஆறு மணிக்கே ஆரம்பித்தோம். கற்பகம், யாரும் சொல்லாமலே, பக்கத்து வீட்டு ஆட்டைப் பிடித்துக்கொண்டு தோப்புக்குப் போய்விட்டாள். அடுப்பு பற்ற வைக்கவில்லை.

இரண்டாவது தடவையிலேயே.

நான் மூக்கால்கூட மூச்சு விடவில்லை. முரட்டு அடியில் இறக்கினேன். தணிந்த இடம் வந்ததும் ஏற்றினேன், மயிரிழை மயிரிழையாக, தட்டின் விளிம்பு முணுமுணுப்பது என் விரல் வழியாகவே மேலே வருகிற மாதிரி. சத்தியமாகச் சொல்கிறேன், இருபத்துநாலு வருஷத்தில் இப்படி ஒரு வேலை நான் பார்த்ததில்லை. அவள் முடித்துத் தட்டை அடிக்க, அது கரைந்து கரைந்து ஒன்றுமில்லாமல் போகும் வரை நான் திருகை விடவில்லை.

போட்டுக் கேட்டோம். முரட்டு அடியில் கிழியவில்லை. மெல்லிய இடத்தில் காணாமல் போகவில்லை. சாவி சாவியாகக் கேட்டது.

"எப்படி எம்பட கை?" என்றேன்.

"அருமைங்ப்பா" என்றாள்.

மச்சினனைக் கூப்பிட்டு இருபது நிமிஷம் விளக்கினேன். ஒலிப்பதிவு என்பது சத்தம் அல்ல, கனம் என்று சொன்னேன். அவன் வாயடைத்துப் போனான். முதல் தடவையாக.

ஜனவரி 31, வெள்ளி

அனுப்பிவிட்டாள். என்ன ஏது என்று ஒரு பதிலும் இல்லை.

பிப்ரவரி 3, திங்கள்

புதுச் சுடிதார். தூக்குப்போசியில் சோறு. எட்டே கால் பஸ். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாளாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆடிட்டர் ஆபீசில் முதல் ஒரு வாரம் அவளுக்குக் கொடுத்த வேலை: காகிதத்துக்கு நம்பர் போடுவது. பிறகு வேறொரு நம்பர் போடுவது. ஸ்டேப்ளரைத் தாளத்தோடு அடித்தாளாம், சீனியர் முறைத்தாராம். பன்னிரண்டு மணிக்கு ஒரு காபி. ஏசி கிடையாது, ஆனால் யாரும் சிரிக்காததால் குளிராகத்தான் இருக்கிறதாம்.

கற்பகம் இதைக் கேட்டுவிட்டு, "அவனுக காதுல பஞ்சு" என்றாள். பேசி முடித்தவளே இவள்தான்.

பிப்ரவரி 14, வெள்ளி

மத்தியானம் கொச்சியிலிருந்து போன். பின்சி என்று ஒரு பெண், அவள்தான் பேண்டில் பாடுகிறவள். ஆர்த்தி ஆபீஸ் கக்கூஸில் நின்று பேசியிருக்கிறாள். வரச் சொல்லிவிட்டார்கள். ஒரு மாதம் சேர்ந்து வாசித்துப் பார்ப்பார்கள், அப்புறம் நிரந்தரம்.

"ரெக்கார்டிங் ஆராணு செய்தது, நல்ல நேச்சுரல் ஆயிட்டுண்டல்லோ" என்று பின்சி மலையாளத்தில் கேட்டாளாம், பதிவு செய்தது யார், இவ்வளவு இயல்பாக இருக்கிறதே என்று.

"என்ன சொன்ன?"

"அப்பான்னு சொன்னனுங்."

அவள் இதைச் சொன்னபோது கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் எனக்குத் தெரிந்தவர்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒன்பது பேருக்கும் டீ.

மார்ச் 2, ஞாயிறு

பாலக்காட்டில் ரயில் ஏற்றிவிட்டு வந்தோம். கற்பகம் அழவில்லை. நான் இருமினேன். வீட்டுக்கு வந்ததும் ஆடு கத்தியது. அது கத்துவது அவ்வளவு தெளிவாக இதற்கு முன் என் காதில் விழுந்ததில்லை.

மைக் ஜோடியை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். "அங்க நல்லதாவே வெச்சிருக்காங்ப்பா. இது பம்பைக்கு எடுங்க." பெட்டியும் இங்கேதான்.

மார்ச் 8, சனி

ஒரு கல்யாணத்தில் மேளக்காரர்களுக்கு மேலே மைக்கைத் தொங்கவிட்டேன். நூல் பிடித்து அளந்தேன். தவில்காரர், "என்னப்பா, கல்யாணத்துக்கு வந்தியா, வீடு கட்ட வந்தியா?" என்று கேட்டார். பிறகு பதிவைக் கேட்டுவிட்டு இன்னொரு தடவை போடச் சொன்னார்.

சிவப்பு எரியவிடவில்லை. கை இரண்டு தடவை போனது. இழுத்துக்கொண்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

வேலந்தாவளத்தில் வரவேற்பு. ஜமக்காளம் பன்னிரண்டும் வேண்டும் என்றார்கள். குடோனில் தொங்கினதைக் கழற்றினேன். இரண்டு மாசத் தூசி.

மூன்றாவதைக் கழற்றும்போது அந்தக் கேபிள். நாலாவது திருகில் இருந்தது, மேளத்துக்குப் பெட்டியை எடுத்துப் போகும்போது நான் உருவிப் போட்டது. அது எங்கே போகிறது என்று பார்க்கலாமே என்று கையில் பிடித்துக்கொண்டே சுவரோரமாக நடந்தேன். மூலை வரை வந்தது. அங்கே ஒரு ஆணி. மீதிக் கேபிள் எட்டுப் போட்டுச் சுருட்டி, பூக்கட்டும் நூலால் முடிச்சுப் போட்டு, ஆணியில் தொங்கியது. அவ்வளவுதான். முனை சும்மா இருந்தது. நல்ல முடிச்சு. நான் சொல்லிக்கொடுத்த முடிச்சு.

ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அந்த நேரம் பார்த்துப் போன். ஆர்த்தி. ஒரு மாதம் ஆவதற்குள்ளேயே நிரந்தரம் ஆகிவிட்டது என்றாள். அடுத்த மாதம் திருச்சூரில் கச்சேரி. எல்லாம் சொல்லிவிட்டு, "நீங்க என்னுங்ப்பா பண்றீங்க?" என்றாள்.

"ஜமக்காளம் கழட்டிட்டிருக்கறேன்."

அந்தப் பக்கம் பின்னால் யாரோ கிதார் சுதி கூட்டுவது மட்டும் கேட்டது.

"எல்லாத்தையுமாங்?"

"இல்ல அம்மிணி. ரெண்டுதான் ஆச்சு. மீதி அப்பறம்."

"சரிங்ப்பா." மூச்சு விட்டாள். "உங்க கை இருந்துதான் அன்னிக்கு நடந்துச்சு."

"அது எனக்குத் தெரியுமே" என்றேன்.

வரவேற்பில் சத்தம் அளவாக வைத்தேன். ஏழு மணிக்கு நாச்சிமுத்து வந்துவிட்டார். கல்யாணப் பெண்ணுக்குப் பெரியப்பா முறையாம். "குப்பண்ணா, பத்தல! துளியூண்டு!"

வலது ஓரத் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருகினேன். "இப்ப எப்புடிங்க?"

காதைச் சாய்த்தார். கண்ணை மூடினார். "இப்பத்தான் உசிரு வந்துச்சு!"

அவர் முகத்தை இன்றுதான் சரியாகப் பார்த்தேன். எவ்வளவு சந்தோஷம். ஜனவரி முப்பதாம் தேதி காலையில் என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

இன்னும் கொஞ்சம் திருகினேன்.